வெயிலில் எரியும் விளக்கு

பிரான்ஸில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பிரெஞ்சு மதாம் இருக்கிறார். தனியாள், என்னைவிடச் சில வயது மூத்தவர். கோடைகாலத்தில் படிக்கட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி, அக்கம்பக்கம் யாருமில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "மெஸ்யூ, உங்கள் ஜன்னலில் விளக்கு எரிகிறது." நான் "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்லிவிட்டு நான்காம் மாடிக்கு ஏறிப்போவேன். விளக்கை அணைக்க மாட்டேன். மறுநாளும் எரியும். ஒருமுறை, ஞாபகமறதிக்கு வைத்தியம் பார்க்கும் நல்ல டாக்டர் ஒருவரின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி, மிகுந்த அன்போடு என் கையில் வைத்தார். அதற்கும் மெர்சி சொன்னேன்.

அவர்மேல் குற்றமில்லை. ஜூன் மாதத்தில் அந்த ஊரில் சூரியன் இரவு பத்து மணிவாக்கில்தான் வீட்டுக்குப் போகும். மாலை ஆறு மணி என்பது பட்டப்பகல். அந்தப் பகலில் தெருப்பக்கத்து ஜன்னலில் ஒரு மஞ்சள் பல்பை எரியவிட்டுக்கொண்டு நிற்பவனை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? ஆனால் எனக்கு ஆறு மணி என்றால் விளக்கு வைக்கிற நேரம். காரைக்காலில் மாதா கோயில் மணி அடித்ததும் எங்கள் வீட்டில் விளக்கைப் போட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொள்வார்கள். அதே நேரத்தில் எதிர்வீட்டில் காமாட்சி விளக்கு ஏற்றுவார்கள். வெளியே போனவர்கள் திரும்பி வரும் நேரம், வீடு இருண்டு கிடக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதற்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை என்பது பிரான்ஸுக்குப் போகும்வரை எனக்கே தெரியாது. ஊரில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்ததால் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

மதாமிடம் இதை நான் விளக்கியதில்லை. காரணம் உண்டு. பணிக்காலம் முழுவதும் அங்கே அரசாங்க அலுவலகம் ஒன்றில், வெளிநாட்டுக்காரர்களின் விண்ணப்பங்களை வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எந்தத் தாள் இல்லாவிட்டால் ஒருவரை எந்தக் கிழமை திரும்ப வரச்சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். "ஏன்?" என்று கேட்டால், விதியின் எண்ணைச் சொல்லியே பழகியவன். விளக்குக்கு விதி எண் கிடையாது. எண் இல்லாத காரியத்தை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் விளக்குவதைவிட, ஞாபகமறதிக்காரன் என்று பெயர் வாங்குவது சுலபம்.

ஓய்வுபெற்ற பிறகு, குளிர்காலம் வந்தால் நானும் என் மனைவி பிலோமினாவும் காரைக்காலுக்கு வந்துவிடுகிறோம். இங்கே எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. பிரான்ஸ் போன எல்லோரையும் போல, தேவைக்கு இரண்டு அறை அதிகமாக வைத்துக் கட்டிய வீடு. இந்த ஆண்டு நான் ஒரு முடிவோடு விமானம் ஏறினேன். அந்த வாடகை அப்பார்த்மானைக் காலிசெய்து கொடுத்துவிட்டு இங்கேயே தங்கிவிடுவது. மூன்று மாத முன்னறிவிப்பு, பதிவுத் தபால், சுவர்களைப் பரிசோதிக்க வரும் ஆள், மின்சாரம் துண்டிப்பு என்று எல்லா நடைமுறையும் வரிசையாக என் தலைக்குள் இருந்தது. இல்லாதது பிலோமினாவின் சம்மதம் மட்டும். கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "அந்த ப்ரோக்ராம் முடியட்டுங்க. அப்பறம் சொல்றேன்."

அந்த ப்ரோக்ராமைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலோமினா அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தவள். நான் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்துத்தான் அவள் ஓய்வுபெற்றாள். உடனே மெரி எனப்படும் நகராட்சி நடத்தும் ஓவிய வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகப் போகிறாள் என்று நினைத்தேன். வகுப்பு நடத்திய பெண் அவளுடைய படங்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்பியிருக்கிறாள். தொழில்முறையில் வரையாத சாதாரண ஆட்கள் சிலரைச் சேர்த்து, வாரம் ஒரு தலைப்பு கொடுத்து, நான்கு மணி நேரத்தில் வரையச்சொல்லி, வாரம் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் போட்டி அது. போன கோடையிலேயே படம் பிடித்துவிட்டார்கள். ஒளிபரப்பு முடியும்வரை யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கணவனுக்கு விலக்கு உண்டா என்று நானே அந்த நிபந்தனைகளை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. நாற்பது ஆண்டுக் குடித்தனத்தில் அவள் என் தொழிலுக்குச் செய்த ஒரே மரியாதை அது.

நிகழ்ச்சி அங்கே இரவில் வரும். பாரிஸில் இருக்கும் எங்கள் மகள் அதைப் பதிவுசெய்து அனுப்ப, மறுநாள் மாலை எங்கள் மாடிக் கூடத்தில் பார்ப்போம். பிலோமினாவின் தம்பி அருள்ராஜ், அவன் மனைவி ரெஜினா, எதிர்வீட்டுக் கலியபெருமாள் ஆகியோர் நிரந்தரப் பார்வையாளர்கள். கலியபெருமாள் மின்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். "நம்ம மதினி டீவியில வர்ற நேரத்துல கரண்டு போகாது சார், நான் சொல்லிட்டேன்" என்று வாராவாரம் உத்தரவாதம் கொடுப்பார். யாரிடம் சொன்னார் என்று கேட்கக் கூடாது. மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. சம்பந்தப்பட்டவளோ அடுப்படியில் ஏதாவது செய்துகொண்டிருப்பாள். திரையில் தன் முகம் வந்தால் எட்டிப் பார்த்து, "ஐய, தலைய இன்னுங் கொஞ்சம் சீவியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

முதல் வாரங்களில் எங்களுக்கு இருந்தது வெறும் பெருமைதான். பிரமிப்பு தொடங்கியது மீன் வாரத்தில். எல்லோர் முன்னாலும் ஒரு தட்டில் மீனையும் எலுமிச்சையையும் வைத்து வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் உடனே தூரிகையை எடுத்தார்கள். பிலோமினா மட்டும் எழுந்துபோய், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வரைந்து முடித்தபோது ரெஜினா மூக்கைச் சுளித்தாள்.

"அந்த மீனு ரெண்டு நாள் மீனு. கண்ணப் பாருங்கண்ணே, குழிஞ்சி போயிருக்கு. மண்டபத்தூர் கரையில இத எவன் வாங்குவான்?"

திரையில் பெண் நடுவர் ஒருவர் படத்தின் அருகே குனிந்து பார்த்தார். பிறகு, "மற்றவர்கள் மீனை வரைந்திருக்கிறார்கள். இவர் சாவை வரைந்திருக்கிறார்" என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"சாவா? கருவாட்டுக்கு ஆவும்னு சொல்லுங்க" என்றான் அருள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது அருள் தன் அக்காவை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்ப்பதைக் கவனித்தேன். பால்யத்தில் இருந்து கூடவே வளர்ந்தவளை அன்றுதான் யாரோ அறிமுகப்படுத்தி வைத்ததுபோல. நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். என்னை யாரும் கவனித்துச் சொல்லவில்லை.

இறுதிப் போட்டியில் மூன்று பேர் இருந்தார்கள். தலைப்பு: உங்களை எதிர்பார்த்திருக்கும் இடம். மொழிபெயர்த்தவுடனே அருள் தொடையில் தட்டினான். "போச்சு, நம்ம ஊருதான். அக்கா கடற்கரைய போடும் பாருங்க."

"அரசலாத்துப் பாலம்" என்றார் கலியபெருமாள்.

"மாதா கோயில்" என்றாள் ரெஜினா.

என் கேள்விக்கான பதில் இந்தப் படத்தில்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கடற்கரையை வரைந்தால் நான் நாளைக்கே பதிவுத் தபால் எழுதலாம்.

அவள் ஒரு சாம்பல்நிறச் சுவரை வரைந்தாள். அதில் வரிசையாக ஜன்னல்கள். கீழே ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு மரம், மரத்தின் நிழல் சுவரில் சரிந்து விழுகிறது. பளீரென்ற வெயில். எங்கள் கட்டடம். "இது எந்த ஊருங்க?" என்று கலியபெருமாள் மெதுவாகக் கேட்டார். நாங்கள் குடியிருக்கிற இடம் என்றேன். அருளின் முகம் சுருங்கியது. "நம்ம ஊரப் போடலியா?" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டான். உள்ளேயிருந்து தேங்காய் துருவும் சத்தம் மட்டும் வந்தது.

நான்கு மணி நேர வேலையைச் சில நிமிடங்களாகச் சுருக்கிக் காட்டினார்கள். சுவர் மெல்ல மெல்லப் பழசாகியது. மழைத்தண்ணீர் இறங்கிய கறை வந்தது. மூன்றாம் மாடியில் மதாமின் பூந்தொட்டி வந்தது. நான்காம் மாடி ஜன்னலில் மங்கலாக ஓர் உருவம் வந்தது. கடைசியில், நேரம் முடிய மணி அடிக்கப்போகும் தறுவாயில், பிலோமினா சின்னத் தூரிகையின் நுனியில் மஞ்சளைத் தொட்டு, அந்த உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அந்த வெயிலுக்கு நடுவே ஜன்னலில் ஒரு பல்பு பற்றிக்கொண்டது.

அப்போது நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ரெஜினாவின் கை தானாக எழுந்து நெற்றியில் சிலுவை வரைந்தது. அதே நொடியில் கலியபெருமாள் இரண்டு கைகளையும் குவித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருவருக்கும் தாங்கள் செய்தது தெரியாது. விளக்கு எரிந்தது, கும்பிட்டார்கள், அவ்வளவுதான். தொலைக்காட்சிப் பெட்டிக்குள், ஓர் ஓவியத் துணியின்மேல், சாயத்தால் வைத்த புள்ளி அது.

"அத்தான், அது நீங்கதானே?" என்றான் அருள். குரல் இறங்கியிருந்தது. பிறகு அவனுக்கே அது தாங்காமல், "சொட்டை மொதக்கொண்டு போட்டிருக்கு பாருங்க" என்றான்.

நான்தான். அவளுக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்ட அந்த ஆண்டுகளில், ஆறு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு அவளுடைய பேருந்து வரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். ஜன்னலின் உள்பக்கம் மட்டுமே எனக்குத் தெரியும். அரசாங்கத்தில் ஒரு ஜன்னல், வீட்டில் ஒரு ஜன்னல், இரண்டிலும் நான் உள்பக்கத்து ஆள். வேலை முடிந்து கால் கடுக்க இறங்குகிறவளுக்குக் கீழேயிருந்து அது எப்படித் தெரிந்தது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அவளும் சொன்னதில்லை.

நடுவர்கள் வந்தார்கள். மூத்தவர் படத்தைப் புகழ்ந்தார். சுவரைப் புகழ்ந்தார், நிழலைப் புகழ்ந்தார். பிறகு விரலை அந்தப் பல்பின் அருகே கொண்டுபோனார்.

"மதாம், இங்கே ஒரு பிழை. இவ்வளவு வெயிலில் விளக்கு எதற்கு?"

"ஆறு மணி, மெஸ்யூ" என்றாள் பிலோமினா.

"சரி. ஆனால் வெயில் இருக்கிறதே."

"ஆமாம், இருக்கிறது."

"அப்படியானால் விளக்கு?"

"ஆறு மணி ஆகிவிட்டதே."

அவர் புன்னகைத்தார். பிரெஞ்சு சரியாக வராதவர்களைப் பார்த்து வைக்கும் புன்னகை அது. எனக்குத் தெரியும், நானும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வைத்திருக்கிறேன். பிலோமினாவின் பிரெஞ்சில் அன்று ஒரு குறையும் இல்லை.

"என்ன சார் இந்த ஆளு?" கலியபெருமாள் கொதித்துவிட்டார். "வெளக்கு வைக்கிற நேரத்துல ஏன் எரியிதுன்னு எவனாச்சும் கேப்பானா? முப்பது வருசம் கரண்டு ஆபீஸ்ல இருந்தவன், நானே கேட்டதில்ல!"

முதல் பரிசு, ரயில் நிலையம் வரைந்த ஒரு மருந்துக்கடைக்காரருக்குப் போனது. பிலோமினாவுக்கு இரண்டாம் இடம். அருள் அநியாயம் என்றான். முடிவு விதிப்படி சரி, ஒளியின் ஒழுங்குக்குத் தனி மதிப்பெண் உண்டு என்று நான் விளக்கத் தொடங்கினேன். ரெஜினா எழுந்துபோய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். "நீங்கதாண்ணி ஃபர்ஸ்டு. எங்கள கும்புட வெச்சிட்டீங்களே."

"ஐய, வுடு. கையெல்லாம் தேங்கா" என்றாள் பிலோமினா.

அவர்கள் போனபிறகு மகளைக் கூப்பிட்டோம். அங்கே பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்துக்காட்டினாள். விளக்கை அணைக்க மறந்துபோன ஒரு முதியவரின் தனிமையை வரைந்திருக்கிறார் என்று ஒருவர் உருகியிருந்தார். அந்த விளக்கு வாழ்க்கை வீணாய்ப்போனதைக் குறிக்கிறது என்று இன்னொருவர். என்னை வைத்து இவ்வளவு யோசித்ததற்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

பிறகு மகள், "மூணாவது மாடி மதாம் போன் பண்ணாங்கப்பா" என்றாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக எங்கள் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். அவர் தொலைக்காட்சியில் தன் பூந்தொட்டியைப் பார்த்திருக்கிறார், ஜன்னலைப் பார்த்திருக்கிறார், பிலோமினாவின் பதிலையும் கேட்டிருக்கிறார். "ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. மெஸ்யூ ஊரில் இல்லாதபோது விளக்கை நான் போடலாமா, ஆறு மணிக்குத்தானே, அப்படின்னாங்க. நான் சரின்னுட்டேன்."

இப்போது அங்கே குளிர்காலம், ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஆனாலும் அவர் இருட்டில் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மாடியேறிப் போய் விளக்கைப் போடுவாராம். விதியை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒருவரை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

போனை வைத்துவிட்டு பிலோமினாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், மேசைமேல் சிந்தியிருந்த தேங்காய்ப்பூவை விரலால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளக்கு எரியிற வூட்ட எப்படிங்க காலி பண்றது?" என்றாள்.

மாதா கோயில் மணி அடித்தது. எழுந்து விளக்கைப் போட்டேன். பிறகு, இத்தனை ஆண்டுகளில் செய்யாத காரியமாக, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கித் தெருவுக்குப் போனேன். எதிர்ச் சாரியில் நின்று என் வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னல் மஞ்சளாக இருந்தது. சற்று நேரத்தில் பிலோமினா அதில் வந்து நின்றாள். என்னைத் தேடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். நான் அசையவில்லை. எங்களுக்கு இரவு பத்தரை ஆகும்போது மதாமுக்கு ஆறு மணி ஆகும். அவர் கையில் சாவியோடு நான்காம் மாடிக்கு ஏறுவார்.

"என்னங்க, அங்க நின்னு என்ன பண்றீங்க? வூட்டுக்கு வாங்க!"

"வரேன்" என்று கைகாட்டிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.