கரைக்கு வந்த மீன் கணக்கில் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை ராணி ஏரிக்கரைக்கு வந்தபோது கையில் ஒரு டிபன் டப்பா. திறந்து காட்டினாள். மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு, எலுமிச்சை எல்லாம் குழைத்த மீன் மசாலா. அவளுக்குப் பின்னால் எங்கள் கம்பெனி லைன் பெண்கள் நாலு பேர், ஸ்டவ்வும் தோசைக்கல்லுமாக.

"அக்கா, வெளிநாட்டுல புடிச்சத தண்ணியிலயே வுட்டுட்டு வந்துட்ட. இங்கயாவது ஒண்ணு புடிச்சிக் குடு" என்றாள்.

கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு என் பிழைப்பு தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டுத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கும் வேலை. உங்களிடம் இதுவரை சொல்லாதது ஒன்று — எனக்கு மீன்பிடி பைத்தியம் உண்டு. அதுவும் ஃப்ளை ஃபிஷிங். மண்புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்ய வேண்டும். கயிற்றைச் சாட்டைபோல வீசி, அந்தப் பூச்சியைத் தண்ணீர் மேல் மெல்ல உட்கார வைக்க வேண்டும். மீன் ஏமாந்தால் நம் அதிர்ஷ்டம்.

கம்பெனிக்கு மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினீயர் ஒருவர், லீவு நாளில் கவரைப்பேட்டைப் பக்கத்து ஏரியில் இதைச் செய்துகொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போனேன். ஊர் திரும்பும்போது தன் தூண்டில் கோலை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. "இன்னாம்மா, மாடு எதுனா காணாம பூட்ச்சா? சாட்டைய சுத்தினுகீற?" என்று ஆடு மேய்ப்பவர் ஒருவர் கரையிலிருந்து அக்கறையாக விசாரிப்பார்.

பெண்களுக்கான சர்வதேசப் போட்டிக்கு இந்திய அணியில் இடம் கிடைத்தது என்றதும் ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே... நாடு முழுக்கத் தேடினாலும் இந்த விளையாட்டு ஆடும் பெண்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவோம்.

இடம் கிடைத்தாயிற்று. தூண்டில் பூச்சிகளுக்கு எங்கே போவது? கேன்டீனில் நான் புலம்பியதைக் கேட்ட ராணி, என்னிடமிருந்த ஒரே நல்ல பூச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எளாவூர்க்காரி. ஒயர் கட்டுவதில் எங்கள் லைனில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"இதுக்கா பேஜாரு? நூலு சுத்தறதுதானக்கா. எறகு கொண்டாரேன்."

மறுநாள் கறிக்கடையிலிருந்து சேவல் கழுத்து இறகு ஒரு பை நிறைய வந்தது. மதியச் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு, அவளும் மற்றவர்களும் உட்கார்ந்து கட்டினார்கள். முதலில் கட்டியவை பூச்சி மாதிரி இல்லை, துடைப்பம் மாதிரி இருந்தன. அவிழ்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். நான் ஊரில் இல்லாத நாட்களுக்கு என் ஷிஃப்டையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். யார் செய்வார்கள் இதையெல்லாம்?

ஏர்போர்ட்டில் டப்பாவைத் திறந்த அதிகாரி, "என்னம்மா இது, கொசுவா?" என்றார். ராணி கேட்டிருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

போட்டி நடந்தது ஐரோப்பாவில், ஒரு மலை நாட்டில். தொடை வரை ஆற்றில் இறங்கி நிற்க வேண்டும். பனி உருகி வந்த தண்ணீர். கொஞ்ச நேரத்தில் கால் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. எங்கள் ஏரி அசையாமல் கிடக்கும். அங்கே ஆறு ஓடியது, மீன் ஓடியது, பாசிக் கல்லில் வழுக்கி நானும் ஓடினேன். பக்கத்துப் பகுதியில் நின்ற பெண்ணோ, வீட்டு முற்றத்தில் கோலம் போடுகிற மாதிரி நிதானமாக மீன் மேல் மீனாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் எனக்குப் பூஜ்ஜியம். இந்த ஆட்டத்தில் அதைவிடக் கேவலம் இல்லை. ஒருத்தியின் பூஜ்ஜியம் மொத்த அணியையும் கீழே இழுக்கும்.

சாயங்காலம் ராணியின் வாய்ஸ் மெசேஜ். "அக்கா, துன்னியா? மீனு மாட்டுச்சா? செவப்பு எறகு வச்சது ஒண்ணு கீதே, அத்த போட்டுப் பாரு."

மறுபடி போட்டுக் கேட்டேன். இத்தனை பேர் சோற்றை விழுங்கிவிட்டுக் கட்டிக் கொடுத்தது ஒரு பூஜ்ஜியத்துக்கா? அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கடைசிச் சுற்று. சிவப்பு இறகைக் கட்டினேன். பாறை நிழலில் விழுந்த மாத்திரத்தில் ஒரு இழுப்பு... நல்ல இழுப்பு!

அப்போது என் கை என்ன செய்தது தெரியுமா? சின்ன வயதில் மண்புழுத் தூண்டிலோடு ஏரியில் என்ன செய்ததோ அதையே செய்தது. நம் பக்கத்தில் மீன் மாட்டினால் யோசிக்க மாட்டோம். முதலில் கரையில் வீசு, மற்றதெல்லாம் பிறகு. ஒரே சுண்டு. ஐரோப்பிய டிரவுட் மீன் என் தலைக்கு மேலே பறந்து, பின்னால் புல்லில் போய் விழுந்தது.

அளவெடுக்கக் கரையில் நின்றிருந்த இளம் பெண் அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "மீன் பறந்து நான் பார்த்ததில்லை" என்றாள். பிறகு வருத்தமாக, "வலையில் ஏந்தாத மீன் கணக்கில் வராது" என்றாள்.

விதி எனக்குத் தெரியும். கொக்கியில் மீனைக் கழல விடாத எதிர்முள் கூடாது, மீனைத் தண்ணீரிலேயே வலையில் ஏந்த வேண்டும், அளந்து உயிரோடு விட வேண்டும். எனக்குத் தெரியும்... என் கைக்குத் தெரியவில்லை.

ஓடிப்போய் மீனை எடுத்து, நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. அது செத்துப்போனால் ராணி முகத்தில் எப்படி விழிப்பது என்று ஏனோ தோன்றியது. செவுள் அசைந்தது. வாலை ஆட்டிவிட்டுப் போனது. அந்தப் பெண்ணும் பெருமூச்சு விட்டாள்.

மறுபடி வீசினேன். முடியப் போகிற நேரத்தில் இன்னொரு இழுப்பு. இந்தத் தடவை எங்கள் லைன் ஞாபகம் வந்தது. ஒயரைக் கனெக்டரில் செருகினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெல்ல இழுத்து, மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன்? மெல்ல இழுத்தேன். விட்டேன். மறுபடி மெல்ல. வலைக்குள் வந்துவிட்டது.

சின்ன மீன்தான். கணக்கில் சேரத் தேவையான நீளத்துக்கு நூலிழையில் தேறியது. அந்தப் பெண் கட்டை விரலை உயர்த்தினாள். நான் ஆற்றுக்குள் நின்று சிரித்தேன். எங்கள் அணி பட்டியலின் அடியில்தான் இருந்தது. இருந்தால் என்ன? நான் பூஜ்ஜியம் இல்லை. கும்மிடிப்பூண்டியில் சுற்றிய நூலை ஒரு டிரவுட் நம்பியிருக்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

ஸ்டவ் பற்றவைத்தாயிற்று. தோசைக்கல் காய்ந்துவிட்டது. நல்ல ஜிலேபிக் கெண்டை ஒன்று மாட்டியது. மெல்ல இழுத்தேன், வலையில் ஏந்தினேன், கொக்கியைக் கழற்றினேன்... கையைத் தண்ணீருக்குள் இறக்கி விட்டுவிட்டேன்.

நானே என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாக்கா நீ?" என்றாள் ராணி. "தூக்கிப் போடக் கூடாத ஊர்ல தூக்கிப் போட்ட. தூக்கிப் போட வேண்டிய ஊர்ல வுட்டுட்டு நிக்கிற."

அதற்குமேல் வேறு மீன் மாட்டவில்லை. ஒருத்தி கடைக்குப் போய் உருளைக்கிழங்கு வாங்கி வந்தாள். மசாலாவைத் தடவி வறுத்தோம். இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில், ராணி முறுகலான துண்டாகப் பொறுக்கி என் தட்டில் வைத்தாள். "துன்னுக்கா. அடுத்த தபா பச்ச நூல்ல கட்டித் தரேன்" என்றாள்.

உருளைக்கிழங்கில் ஒரு சங்கடம் — கண் கலங்கினால் முள் மாட்டிக்கொண்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.