அக்காவின் பைகளுக்கு நான் சொல்லாத பதில்

எங்கள் தெருவில் அக்காவுக்கு 'இன்னும் ஒண்ணு' என்று பெயர். நான் செருப்புத் தைக்கிறவன். அப்பா போனபின் கடையில் எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்தவள், மிஞ்சிய தோலை வீணாக்க மனசில்லாமல் பெல்ட் தைத்தாள். பிறகு கைக்கடிகாரத்துக்கு வார். பிறகு சாவிக்கு உறை, குடை ரிப்பேர், பெட்டிக்கு ஜிப். "இன்னும் ஒண்ணு செஞ்சு பாப்போம்டா" என்பாள். வாசலில் தொங்கும் சாமான்களைத் தலையால் முட்டி விலக்கித்தான் ஆள் உள்ளே வர முடியும்.

இத்தனையிலும் அவள் உயிரையே வைத்திருந்தது கைப்பைகளில்தான். ஜன்னலோரம் அவள் மேசை. பத்தொன்பது வருஷம் அங்கே உட்கார்ந்து பை தைத்தாள். ஒரு பை முடிந்ததும் தோளில் மாட்டிக்கொண்டு, ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி கடைக்குள்ளேயே நாலு நடை நடப்பாள். நான் பார்க்காதது போலப் பார்ப்பேன்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு அடியை உயர்த்திச் செருப்பும் ஷூவும் செய்வது. காலைக் காகிதத்தில் வரைந்து, நடக்கவிட்டு இடுப்பைக் கவனித்து, தக்கையை அடுக்கடுக்காக ஒட்டி இழைக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு நாலு நாள் பிடிக்கும். நடுவில் ஜிப்புக்கும் குடைக்கும் ஆள் வந்தால் எட்டு நாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா போனில் பேச்சுக் கேட்க ஆரம்பித்தாள். ஒன்றுமில்லாமல் தொடங்கிப் பெரிய பெரிய நிறுவனங்களைக் கட்டியவர்கள் பேசுவது. தைத்துக்கொண்டே கேட்பாள், அவர்களோடு சண்டையும் போடுவாள். "இவனுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவான்" என்பாள். ஆனால் கேட்பதை விடவில்லை. ஒருநாள் போனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சுமாரா செய்யறதை எல்லாம் விட்டாத்தான் நல்லா செய்யறது வளருமாம்டா. விடத் தைரியம் இல்லாதவன்தான் எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழுவானாம்."

"நம்மளத்தான் சொல்றாங்க போல" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவள் விளையாடவில்லை. மறுநாளே ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, "இது நம்மகிட்ட இல்லேன்னா யாராவது வருத்தப்படுவாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவளாக உண்டாக்கிய கேள்வி அது. குடைக்கு இல்லை என்றேன். பெல்ட்டுக்கும் இல்லை. சாவி உறைக்கு நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். மூன்றே நாளில் வாசல் காலியாகி என் மேசை வரை வெளிச்சம் வந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், ஒளிப்பானேன்.

நாலாம் நாள் காலை ஒரு கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். அதே கேள்வி. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்தப் பைகள் சுமார்தான். வார் ஒரு பக்கமாக இழுக்கும், வாய் சரியாக மூடாது. அது எனக்குத் தெரியாத நாளில்லை. ஆனால் அவள் கேட்டது அதையா? வருத்தப்பட ஆள் உண்டா என்றுதானே கேட்டாள். நான் ஒருத்தன் இருந்தேன். அதைச் சொல்ல என்ன கேடு எனக்கு? ஜன்னலோர மேசை போனால் அங்கே இழைக்கிற மெஷின் ஒன்று போடலாம் என்று என் பாழும் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. குனிந்து பசை தடவிக்கொண்டே இருந்தேன்.

"சரி" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் மேசையைக் காலி செய்துவிட்டாள்.

அதற்கப்புறம் கடை வளர்ந்தது. மெஷின் வந்தது. டாக்டர்களே எங்களிடம் ஆள் அனுப்புகிறார்கள். அக்காதான் கால் வரைகிறாள், வருகிறவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் புது ஷூவில் முதல்முறையாகத் தோள் சாயாமல் நடந்தபோது அக்கா கை தட்டினாள். போனில் பேசியவர்கள் சொன்னது பொய்யில்லை. யாரையும் திட்டக்கூட வழியில்லாமல் போனதுதான் என் வயிற்றெரிச்சல். அவள் இப்போது 'இன்னும் ஒண்ணு' என்று சொல்வதே இல்லை. வேலை இல்லாத நேரத்தில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவள் சும்மா உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

போன மாதம் சிநேகிதியைப் பார்க்க வெளியூர் கிளம்பினாள். மாற்றுப் புடவையை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்திருந்தாள்.

"என்னக்கா இது? நீ தைச்ச பை ஒண்ணுகூட இல்லையா?"

"எல்லாத்தையும் கொடுத்தாச்சுடா."

"தோல் கிடக்கு. ஒண்ணு தைச்சுக்கயேன். நீ தைக்காம கடை என்னவோ மாதிரி இருக்குக்கா." இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அக்கா என்னையே பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கு நான் ரொம்ப நேரம் நின்னேன்டா" என்றாள். "நீ ஒரு தடவை நிமிர்ந்து பாப்பேன்னு நின்னேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.