அத்தை கையைப் பிடித்தால்

எட்டு வயது வரை நான் எங்கள் வீட்டில் ஒரு மாத்திரையைப் பார்த்ததில்லை. அதற்கு வறுமை காரணமில்லை. அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். காரணம் எங்கள் சபை. நோய் வந்தால் ஜெபம், இன்னும் அதிகமானால் எண்ணெய் பூசி ஜெபம், அதற்கும் அடங்காவிட்டால் உபவாசத்தோடு ஜெபம். பெரும்பாலான காய்ச்சல்கள் இரண்டாவது படியிலேயே இறங்கிவிடும். அவை எப்படியும் இறங்கியிருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இந்த ஒழுங்கில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தாத்தா சபையின் மூப்பர். கண்ணாடி போட்டிருந்தார், பல்செட்டும் வைத்திருந்தார்.

“கண்ணாடி மருந்து இல்லையா தாத்தா?”

“அது வெளியில இருக்குது. மருந்துன்னா உள்ள போறது.”

“பல்செட்டு உள்ளதான இருக்குது?”

அம்மா என் தோளைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

இப்படிக் கேள்வி கேட்கும் புத்தி எனக்கு அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்பது அம்மாவின் கட்சி. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள், உயிரியல் பிரிவில். கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடிக்காமல் சுருண்டு கிடந்தாளாம். பிழைத்தால் உமக்கே என்று தாத்தா ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். பிழைத்தாள். ஆகவே அவள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் வெள்ளைப் புடவை கட்டி, கல்யாணமில்லாமல் ஊழியம் செய்ய ஊழியர் இல்லத்தில் சேருவாள் என்பது எங்கள் வீட்டில் யாரும் பேசத் தேவையில்லாத அளவுக்கு முடிவான விஷயம். அத்தை மட்டும் அதைப் பற்றி வேறு காரணத்துக்காகப் பேசாமல் இருந்தாள்.

ஞாயிறு கறி வாங்க அவள்தான் போவாள். நான் கூடப் போவேன். ஒரு தடவை கறிக்கடையில் அவள் கேட்டாள்: “பாய், ஹார்ட்டு முழுசா குடுங்க. வெட்டிடாதீங்க.”

“முழுசாவா? இன்னாம்மா பண்ணப் போறே?”

“பாக்கணும்.”

“பாக்கறதுக்கு இன்னா இருக்குது, ஆட்டோட ஹார்ட்டுல?” என்று சிரித்துக்கொண்டே பாய் அதை இலையில் வைத்துக் கொடுத்தார்.

வீட்டில் அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டுப் பென்சில் சீவும் பிளேடால் அதைப் பிளந்தாள். உள்ளே வெள்ளை நூல்கள். குடைக்கம்பிகளைப் போல ஒரு சின்னத் தோலை இழுத்துப் பிடித்திருந்தன. “இதுதான் கதவு. ரத்தம் திரும்பி வராம மூடிக்கும்” என்று குழாயடியில் வைத்துத் தண்ணீர் விட்டாள். கதவு மூடியது. நாங்கள் இருவரும் ஆளுக்கு நான்கைந்து தடவை மூடிப் பார்த்தோம்.

“கொழம்புக்கு வந்ததுக்கு இன்னாடி டெஸ்ட்டு?” என்றாள் அம்மா. அன்று மத்தியானம் கதவோடு சேர்த்து அதைச் சாப்பிட்டோம்.

எங்கள் சபைப் பெண்கள் நகை போடமாட்டார்கள். கம்மல், வளையல், கொலுசு எதுவும் கிடையாது. கைக்கடிகாரம் மட்டும் போடலாம். நேரத்துக்கு ஆராதனைக்கு வர அது உதவும். தேர்வுக்காகத் தாத்தா அத்தைக்கு ஒரு கடிகாரம் வாங்கித் தந்திருந்தார். கடையில் பூப்போட்டதை விட்டுவிட்டு, நொடிமுள் உள்ள ஆண்கள் கடிகாரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். பெண்ணுக்கு அலங்காரத்தில் ஆசை இல்லை என்று தாத்தாவுக்கு ஒரே பெருமை.

அந்தக் கடிகாரம் எதற்கென்று எனக்குத் தெரியும். பார்த்தவர் கையையெல்லாம் பிடித்து நாடி எண்ணுவாள். முதலில் என்னை எண்ணினாள்.

“உன்னுது ஜாஸ்தி. சின்னப் புள்ளைங்களுக்கு அப்படித்தான். எலிக்கு இன்னும் ஜாஸ்தி.”

“யானைக்கு?”

“ரொம்பக் கம்மி.”

“யானை கைய யாரு புடிச்சிப் பாத்தாங்க?”

“அதத்தான் நானும் தேடிட்டு இருக்கேன்” என்றாள்.

நான் ஒருத்தி போதவில்லை. நோயாளிகள் தேவைப்பட்டார்கள். சபையில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை.

ஆராதனை, ஷூ சோல் வைக்கும் கிடங்கின் மாடியில் நடக்கும். கீழேயிருந்து பசை வாசனை ஏறி வரும். பிரசங்கம் முடிந்ததும் சுகமில்லாதவர்கள் முன்னால் வந்து உட்காருவார்கள்; மற்றவர்கள் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். அத்தை மணிக்கட்டைப் பிடிப்பாள். தலை குனிந்திருக்கும், கண் பாதி மூடியிருக்கும், உதடுகள் அசையும். ஒரு முழு நிமிடம் ஆடாமல் அசையாமல் இருப்பாள். மற்றவர்கள் சத்தமாக ஜெபிப்பவர்கள். இவள் ஒருத்தி மட்டும் மௌனம். கை அப்படிப் பிடிபட்ட பெண்களுக்குப் படபடப்பு அடங்கியது. பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு அக்கா, “இந்தப் பொண்ணு கையப் புடிச்சா நெஞ்சு லேசாவுது, ஸ்தோத்திரம்” என்று சாட்சியே சொன்னார். அத்தைக்கு வரம் இருக்கிறது என்று பேச்சு பரவியது. அவள் எவ்வளவுக்கெவ்வளவு எண்ணினாளோ, அவ்வளவுக்கவ்வளவு வெள்ளைப் புடவை நெருங்கி வந்தது.

கோடையில் சபைகள் எல்லாம் கூடும் கன்வென்ஷன் வரும். அதில்தான் அவளை ஊழியத்துக்குப் பிரித்தெடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஞாயிறு தாத்தா சாட்சி சொல்ல எழுந்தார். கைக்குழந்தையின் கதையை மறுபடி சொன்னார். “அன்னிக்குக் குடுத்த வாக்க வர்ற வாரம்...” என்றவர் மேலே சொல்லவில்லை. மடக்கு நாற்காலியைப் பிடிக்கக் கை நீட்டினார், நாற்காலி மடங்கியது, அவரும் மடங்கினார்.

சத்தமான ஜெபம் எழுந்தது. யாரோ எண்ணெய் கொண்டு வந்தார்கள். “அவர் பொண்ணக் கூப்பிடுங்க, கையப் புடிக்கச் சொல்லுங்க” என்றார் பேரணாம்பட்டு அக்கா. அத்தை வந்து தரையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கூட்டம் அடங்கியது. ஒரு தடவை எண்ணினாள். இடம் மாற்றிப் பிடித்து இன்னொரு தடவை எண்ணினாள். உதடுகள் இந்தத் தடவை மிக மெதுவாக அசைந்ததை நான் கவனித்தேன்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவணும்” என்றாள்.

அந்த மாடியில் அந்தச் சொல்லை யாரும் அதற்குமுன் சொன்னதில்லை. பாஸ்டர் ஐயா குனிந்து, கோபமில்லாமல், அறிய வேண்டும் என்ற குரலில்தான் கேட்டார்: “ஆண்டவர் சொன்னாராம்மா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆட்டோ வந்திருக்கும். வரம் உள்ளவளின் வாக்கை யார் மறுப்பார்கள்? அதோடு அவளது மீதி வாழ்க்கையும் அந்த ஆமாமுக்குள் போயிருக்கும். இல்லை என்றால் தாத்தா அங்கேயே கிடந்திருக்கலாம். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்று எனக்கு, அத்தை ஏன் பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்றுதான் இருந்தது.

“ஆண்டவர் ஒண்ணும் சொல்லல ஐயா. நான் எண்ணினேன்.”

தாத்தா கண்ணைத் திறந்தார். “எவ்ளோ?” என்றார்.

“முப்பத்தாறு நைனா.”

“எவ்ளோ இருக்கணும்?”

“எழுபது கிட்ட.”

அவர் யோசித்தார். “இத்தினி நாளும் எண்ணினுதான் இருந்தியா? எல்லாரையும்?”

“எல்லாரையும்.”

“அப்போ ஜெபம்?”

“எண்ணி முடிச்சிட்டுப் பண்ணேன் நைனா.”

பின்வரிசையில் யாரோ “ஐயோ” என்றார்கள். தாத்தாவின் கண்கள் மறுபடி மேலே செருகின. அப்போது அப்பா, தன் தகப்பன் முன்னால் உட்காரக்கூடக் கூச்சப்படுகிற என் அப்பா, யாரிடமும் கேட்காமல் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். யாரும் தடுக்கவில்லை. பாஸ்டர் ஐயா முன்னால் ஓடிப்போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் தாத்தாவுக்கு நினைவு தெளிந்தபோது டாக்டர் விளக்கினார். இதயத்துக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை, ஒரு மெஷின் வைத்தால் அது உத்தரவு கொடுக்கும்.

“மருந்தா?” என்றார் தாத்தா.

“மெஷின் பெரியவரே. சின்னதுதான். தோலுக்கு அடியில வெச்சிடுவோம்.”

வாழ்நாளைத் தோல் பதனிடும் ஷாப்பில் கழித்தவர் அவர். “எந்த எடத்துத் தோலு?”

“இங்க, தோள்பட்டைக்குக் கீழ.”

“அங்க மெலிசா இருக்கும். பாத்துத் தைங்க” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அதைச் சற்று நேரம் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு தலையசைத்தார். ஊசி உண்டா என்று அவர் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் எல்லோர் எதிரிலும் சொன்னார்: “எழுபதுக்கு செட் பண்ணியிருக்கோம். இனிமே அதுக்குக் கீழ எறங்கவே எறங்காது. பயப்படாதீங்க.”

கன்வென்ஷன் நாங்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. சபையில் அத்தையை யாரும் முன்னால் கூப்பிடவில்லை. தாத்தா அவளோடு பேச்சை நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்காக அல்ல. “ஜெபம்னு நெனச்சிக் கைய நீட்டினாங்க அவங்க” என்று அப்பாவிடம் ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அத்தை டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா தாத்தாவிடம் சொன்னார். தாத்தா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்ததும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இடது கையை மட்டும் பக்கத்தில் நீட்டுவார். அத்தை வந்து பிடித்து எண்ணுவாள். “எழுபது நைனா” என்பாள். “ம்” என்பார். அவர்களுக்குள் ஒரு நாளுக்கான பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு வருடம் படித்து, அத்தைக்குத் தெற்கே தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். தாத்தா வரவில்லை. புறப்படும்போது அத்தை கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினாள். பெரிதாக இருந்தது, முழங்கை வரை ஓடியது. காலேஜுக்குப் போகிறவளுக்கல்லவா கடிகாரம் வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்தது. தாத்தா சுவரைப் பார்த்தபடி கையை நீட்டினார். யாரும் நகராததால் நான் போய்ப் பிடித்தேன். எழுபது. சற்று நேரத்தில் அம்மாவின் போனில் அத்தை கூப்பிட்டாள்.

“எவ்ளோடி?”

“எழுபது.”

“சரி. நாளைக்கும் எண்ணு.”

போனை வைத்ததும் தாத்தா கேட்டார்: “இன்னா கேட்டா?”

“எவ்ளோன்னு கேட்டாங்க.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“ம்.”

மறுநாளும் எழுபது, அடுத்த நாளும் எழுபது. விளையாட்டை விட்டுவிட்டு வர வேண்டியிருந்ததால் எனக்குப் பேஜாராகிவிட்டது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்: “டாக்டர்தான் எறங்கவே எறங்காதுன்னு சொல்லிட்டாரே தாத்தா. எதுக்குத் தெனம் எண்ணணும்?”

“எண்ணு. அவ கேப்பா.”

போன் வந்ததும் அத்தையிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

“எண்ணுடி” என்றாள். “அவரு கைய நீட்டுவாரு.”

அந்த வருடம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். தெரிந்த விடையையே தினமும் கேட்கும் இவர்கள் இருவரும் கணக்கில் கொஞ்சம் மட்டம் என்று முடிவுகட்டி, கடிகாரத்தை முழங்கையிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு, மறுபடி எண்ணப் போனேன்.