சொல்யூஷன் போட்ட பிரேக்

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்து லீவு கிடைப்பது அபூர்வம். போன மாதம் கிடைத்தது. நண்பர்கள் மூன்று பேரும் சைக்கிளை எடுத்தோம். அதை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது.

ஒருவன் மாட்டுங்காக்காரன், வங்கி வேலை. ஹெல்மெட், கையுறை, கியர் வைத்த சைக்கிள் எல்லாம் உண்டு. இன்னொருவன் தாராவியில் என் சந்து. செருப்புப் பட்டறையில் அடி ஒட்டுகிறவன். அவனுடைய சைக்கிள் பலர் ஓட்டித் தேய்ந்தது.

சனி ஊருக்குள், ஞாயிறு குன்றின் மண் பாதையில் என்று திட்டம். சனிக்கிழமை ஊருக்குள் சுற்றினோம். சயான் தாண்டி செம்பூர் வரை சாலை காலியாகக் கிடந்தது. பஸ்காரன் ஹாரன் இல்லாமல் அந்தச் சாலையை நான் பார்த்ததே இல்லை. செம்பூரில் இட்லி தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிக்னலில் பட்டறைக்காரன் நிற்கும்போதெல்லாம் ஒரு வாசனை வந்தது.

"உன் வண்டியில ஏதோ கருகற வாசனை வர்றதுடா" என்றான் மாட்டுங்காக்காரன்.

குனிந்து பார்த்தேன். பின் பிரேக் எப்போதோ அறுந்துபோயிருந்தது. முன் பிரேக்கில் தேய்ந்த ரப்பருக்குப் பதிலாகச் செருப்பு அடியில் ஒரு துண்டு வெட்டி, பட்டறையில் அடி ஒட்டும் பசையான சொல்யூஷனைத் தடவி ஒட்டியிருந்தான். எங்கள் சந்தில் இது புதிதில்லை. குக்கர் கைப்பிடி, கதவு, ஃபேன் சுவிட்ச் என்று எது உடைந்தாலும் பட்டறைத் துண்டு வைத்து ஒட்டிவிடுவோம். கடையில் புதிது வாங்கினால் கையில் தொழில் இருக்கிறவனுக்கு இது தேவையா என்று சிரிப்பார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பிரேக் பிடிக்காத லிஃப்ட் எப்படி இறங்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். கடையில் மாற்று, இல்லாவிட்டால் நாளை மண் பாதைக்கு வராதே என்றேன்.

"ஏலே, நான் ஒட்டுன செருப்பு துபாய்ல நடக்கு. இந்தத் துண்டு நிக்காதா? டென்ஷன் எடுக்காத."

ஞாயிற்றுக்கிழமை அதே பிரேக்கோடு வந்தான்.

கோவண்டி, மான்குர்த் தாண்டி டிராம்பே பக்கம் போனோம். அங்கே குன்றை ஒட்டி ஒரு மண் பாதை ஏறி, மறுபக்கம் இறங்கி, நேராகத் தார்ச்சாலையில் போய் முட்டும். அந்தச் சாலையில் ஞாயிறும் டேங்கர் லாரிகள் ஓடும். மேலே நின்றால் எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் பட்டப்பகலில் தீ எரிவது தெரிந்தது. கீழே லாரிகளின் சத்தம் விடாமல் கேட்டது.

நான் அவன் ஹாண்டிலைப் பிடித்தேன். இறங்கித் தள்ளிக்கொண்டு வா என்றேன்.

"நீ வேணும்னா லிஃப்ட்ல வாலே" என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனான்.

பின்னாலேயே இறங்கினோம். பாதி வழியில் அந்த வாசனை வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. பிறகு சத்தம் நின்றது. அவன் நிற்கவில்லை.

புதர்களுக்கு மேலே ஒரு டேங்கரின் முதுகு நகர்வதைப் பார்த்தேன். அவன் இரண்டு காலையும் தரையில் தேய்த்தான். செருப்பு ஒன்று பறந்தது. கடைசியில் ஹாண்டிலைப் பக்கவாட்டில் ஒடித்து முள்புதரில் விழுந்தான். முன் சக்கரம் தார்ச்சாலையின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருக்க, டேங்கர் அதை உரசாத குறையாகப் போனது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவன் அதைப் பார்க்காமல் பாதையில் ஏறிப் போய், கழன்று விழுந்த ரப்பர் துண்டைத் தேடி எடுத்து வந்தான். விரலால் தொட்டதும் பசை நூலாக இழுத்தது.

"சூடு காட்டித்தான் தினமும் பழைய அடியப் பிரிக்கேன்" என்றான். "பிரேக்கும் சூடாகும்னு தோணலயே, மக்கா."

மாட்டுங்காக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் பட்டறைக்காரனுடைய சைக்கிள் செயினைக் கழற்றி என் பையில் போட்டேன். செம்பூர் வரை தள்ளிக்கொண்டே வந்தோம்.

அந்த வாரமே பட்டறைக்காரன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். புது ரப்பர் துண்டு கையில் இருந்தது.

"இந்தத் தடவ தையலும் போட்டுட்டேன். சூடு ஒண்ணும் பண்ணாது. செயினக் குடு."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். செயினைக் கொடுக்கவில்லை.

இன்று வேலை முடிந்து வரும்போது சந்தில் அவன் சைக்கிளைப் பார்த்தேன். வேறு செயின் மாட்டியிருந்தது. பிரேக்கில் கறுப்பு நூல் தையல் தெரிந்தது. நாளை ஞாயிறு. எனக்கு டியூட்டி, அவனுக்கு லீவு.