பாலைவனத்துக்குத் தேங்காய் எண்ணெய்

மாசிக் குளிர் முடிவதற்குள் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பாலைவனத் தேசியப் பூங்காவுக்குப் போவதென்று முடிவெடுத்து, லண்டன் செவன் கிங்ஸ் வீட்டு மேசையில் கொண்டுபோகும் சாமான்களின் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். கூட வரப்போகிறவர் லண்டனிலேயே தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் என் அக்கா. போன் எடுத்து இடத்தைச் சொன்னேன்.

“பாலைவனமோ? அப்ப பாலைப்பழம் கிடைக்குமெல்லோ?”

இலங்கையில் வன்னிக் காட்டில் நிற்கும் பாலை மரத்தை அவர் நினைத்துவிட்டார். அதன் மஞ்சள் பழத்தைத் தின்றால் பால் உதட்டில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பூசித்தான் எடுக்க வேண்டும்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். “அக்கா, அங்கை வெறும் மணலும் கள்ளியும்தான். காடே இல்லை” என்றேன்.

“பிறகென்னத்துக்கு வனம் எண்டு சொல்லுறாங்கள்?”

பேச்சை மாற்றி, தண்ணீர்ப் போத்தல், தொப்பி, இரவுக் குளிருக்கு ஜாக்கெட் என்று பட்டியலைக் கடுகடுவென்று வாசித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “தேங்காய் எண்ணெயும் எழுது” என்றார் அக்கா.

“பழம் இல்லை எண்டு இப்பத்தானே சொன்னனான்!”

“விசரா, அந்த வறண்ட காத்துக்கு உன்ர உதடு வெடிக்கும். சின்னனில மார்கழிப் பனிக்கே வெடிக்கிற உதடு.”

மூன்று நாளாக இணையத்தைத் துழாவித் தயாரித்த பட்டியல் அது. அதன் முதல் வரிக்கு மேலே தேங்காய் எண்ணெய் என்று எழுதினேன். பிறகு நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தேன். லண்டன் குளிரிலேயே வெடித்துத்தான் இருந்தது.