குடியுரிமை நேர்காணலில் ஒரு கேள்வி

டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் வசிக்கிறேன். இங்கே விளையாட்டுப் பந்தயம் சட்டவிரோதம். ஆனால் இன்ன அணி ஜெயிக்கும் என்று ஒரு செயலியில் கான்ட்ராக்ட் வாங்கலாம்; அந்த அணி ஜெயித்தால் பணம் வரும். "இது கேம்ப்ளிங் இல்லடா, ஷேர் மாதிரி டிரேடிங்" என்று நண்பன் செந்தில் சொன்னதை நம்பி நானும் வாங்கிவந்தேன்.

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்கு என்னைத் தயார்படுத்த, மனைவி கேள்விகளைப் படித்தாள். "எப்பவாவது இல்லீகலா கேம்பிள் பண்ணியிருக்கீங்களா?"

"இல்லை" என்றேன். அதே நேரம் நான் பணம் போட்ட அணி ஜெயித்ததாகச் செயலியிலிருந்து வந்த செய்தியோடு போன் அதிர்ந்தது.

"அப்ப இதுக்கு என்ன பேரு?" என்றாள்.

வக்கீலைக் கேட்டோம். "சூதாட்டம்னு சில ஸ்டேட் சொல்லுது, இல்லைன்னு கம்பெனிங்க சொல்லுது. கோர்ட்ல கேஸ் ஓடுது. எதையும் மறைக்காதீங்க" என்றார்.

செயலியை நீக்கினேன். நேர்காணலில் அதிகாரியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். நல்லவேளையாகக் குடியுரிமை கிடைத்தது.

"இப்பதான் சிட்டிசன் ஆயிட்டியே, இன்னும் என்ன பயம்? திரும்ப டவுன்லோட் பண்ணு" என்று செந்தில் சீண்டினான்.

"பயமெல்லாம் இல்லடா. கோர்ட் என்ன வேணா சொல்லட்டும், என் வீட்டுல அது சூதாட்டம்தான்" என்றேன். இப்போது மேட்சை மேட்சாக மட்டுமே பார்க்கிறேன்.