முழங்கால் உயர வைக்கோல்

கல்லல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஈஸ்வரியின் நாற்றுப் பண்ணை இருக்கிறது. மா ஒட்டுக் கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ளச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்துவிட்டு அவதிப்படுகிறவர்கள் எல்லாம் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். வாசலில் தண்ணீர் தேங்குகிறது, மாமரத்தில் கரையான் ஏறுகிறது, ஆசையாகப் போட்ட புல்தரை கருகுகிறது என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைத்ததால், பாதிக் கேள்வியிலேயே வாயைத் திறக்கிற பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை.

அவள் கணவன் வீரபாண்டியன் கனடாவில் வின்னிபெக் நகரத்தில் இருந்தான். அங்கே தோட்டப் பராமரிப்புத் தொழில் நடத்தும் குமரப்பன் கானாடுகாத்தான்காரர். ஊரில் அவர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வீரபாண்டியனை இரண்டு வருட ஒப்பந்தத்தில் கூப்பிட்டுக்கொண்டார். ஒட்டுக் கட்டுவது முதல் உரம் வைப்பது வரை வீரபாண்டியனுக்கும் கைவேலை தெரியும். யோசனைக்கு மட்டும் ஈஸ்வரிக்குப் போன் போடுவான். இங்கே சாயங்காலம் ஆகும்போது அங்கே விடிந்திருக்கும்.

"ரோட்டோரப் புல்லு மட்டும் மஞ்சளாப் போகுது ஈஸ்வரி."

"ரோட்டுல உப்புக் கிப்புப் போடுறாகளா?"

"ஆமா, பனி வழுக்குதுன்னு மூட மூடயாக் கொட்டுறாக."

"அப்புறமென்ன? ஒக்கூர்ப் பக்கம் உப்புத்தண்ணி போர்ல பாஞ்ச தோட்டங் கணக்காத்தான். பனி உருகுனதும் நல்ல தண்ணிய நெறயப் பாய்ச்சி உப்பக் கீழ எறக்குங்க. கொஞ்சம் ஜிப்சம் போடுங்க."

புல் பச்சை பிடித்தது. மான் வந்து செடியை மேய்ந்தால் ஆட்டுக்குப் போடுகிற மாதிரி வலை, பனி உருகி முற்றத்தில் தண்ணீர் நின்றால் சரிவு பார்த்து ஒரு வாய்க்கால். பனியை ஒருநாள்கூடக் கண்ணால் பார்க்காமல் பனி நாட்டுத் தோட்டங்களைக் கல்லலிலிருந்தே கட்டி மேய்த்தாள். குமரப்பனுக்கு வீரபாண்டியன் மேல் ஏக மதிப்பு.

போன கார்த்திகையில் அவன் கேட்டான்: "முதலாளி வீட்டு ஆப்பிள் மரத்துக்கு வேர்ல குளிர் தாக்காம என்ன பண்ணலாம்?"

"வைக்கோலக் கொண்டாந்து அடிமரத்தோட சேத்து முழங்கா ஒசரத்துக்கு அணைச்சு விடுங்க. நம்ம மாங்கண்ணுக்குச் சித்திர வெயில்ல செய்யிறதில்லையா? சூட்டுக்கு ஆகுறது குளிருக்கு ஆகாதா?"

ஆகவில்லை. சித்திரையில் பனி உருகி வைக்கோலை விலக்கிப் பார்த்தபோது, அதற்குள் குட்டைவால் எலிகள் குளிர்காலம் முழுக்கக் குடும்பம் நடத்தியிருந்தன. மேலே பனி, உள்ளே வெதுவெதுப்பு, பக்கத்திலேயே சாப்பாடு. மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கொறித்து வெள்ளைக் கட்டையாக்கிவிட்டிருந்தன. சுற்றிலும் பட்டை போய்விட்டால் மேலிருந்து வேருக்குச் சாப்பாடு இறங்காது. மரம் மெதுவாகச் சாகும். குமரப்பன் அந்த நாட்டில் முதல் வீடு வாங்கியபோது வைத்த மரம் அது. "யாரு சொல்லி இந்த வேலையப் பாத்த?" என்று கத்தியவர், ஜூலையோடு ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டார். வீரபாண்டியன் மனைவி பெயரைச் சொல்லவே இல்லை.

இதையெல்லாம் அவன் போனில் சொல்லக் கேட்டாள் ஈஸ்வரி. மகள் காரைக்குடியில் நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். கனடா வேலையை நம்பித்தான் சேர்த்திருந்தார்கள். அதைவிட, தன் வாய்க்கொழுப்புக்கு அந்த மனுசன் ஏச்சு வாங்கியதுதான் பொறுக்கவில்லை.

"முதலாளிகிட்டப் போனக் குடுங்க."

"வேணாம் புள்ள."

"குடுங்கன்னா குடுங்க."

குமரப்பன் வாங்கினார். "ஐயா, வைக்கோல் அணைக்கச் சொன்னது நாந்தான். அங்க எலி என்ன பண்ணும்னு கேக்காமச் சொல்லிப்புட்டேன். அவுகள வையாதீக. ஜூலை வரைக்கும் பொறுங்க, மரத்த ஒட்டி நிமித்தித் தாரேன்."

"செத்த மரத்த எப்படிம்மா ஒட்டுவ?"

"இன்னும் சாகல ஐயா."

வழி அவளுக்குத் தெரியும். பட்டை போன இடத்துக்கு மேலேயும் கீழேயும் நல்ல பட்டையைக் கீறி, அதே மரத்துக் குச்சிகளைப் பாலம் போலச் செருக வேண்டும். கேள்விப்பட்டிருக்கிறாள், செய்ததில்லை. இந்த முறை கேள்விப்பட்டதை வைத்துப் பேச அவள் தயாராக இல்லை. ஆப்பிள் குச்சிகளை மொட்டு விரியுமுன் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, பண்ணையில் ஏழு வருடமாகக் காய்க்கிற தன் மல்கோவாவிடம் போனாள். எலி செய்ததைத் தன் கையால் செய்தாள். ஒரு சாண் பட்டையைச் சுற்றி உரித்து எடுத்தபோது கண்ணில் நீர் முட்டியது. நான்கு குச்சிகளைச் செருகிச் சின்ன ஆணி அடித்து, களிமண்ணும் சாணமும் பூசிக் கட்டினாள்.

நான்கு வாரத்தில் இரண்டு குச்சி காய்ந்தது, இரண்டு பிடித்தது. காய்ந்த இரண்டையும் அவள் விறைப்பாக இழுத்துப் பொருத்தியிருந்தாள். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் ஒட்டு விட்டிருக்கிறது. லேசாக வளைந்து நின்ற குச்சிகள் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்திருந்தன.

மே மாதம் நடுவில் வீரபாண்டியன் போனை ஒரு வாளி மேல் சாய்த்து வைத்துவிட்டு ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தான். "இழுத்துக் கட்டாதீக. வில்லு மாதிரி கொஞ்சம் வளைச்சு விடுங்க. குச்சியோட அடிப்பக்கம் அடியிலயே இருக்கட்டும், தலகீழாச் செருகிப்புடாதீக" என்று இங்கிருந்து அவள் சொல்லச் சொல்ல, ஆறு குச்சிகளைப் பொருத்தினான்.

மரம் இலை விட்டது. ஈஸ்வரி அதை நம்பவில்லை. பட்டை போன மரமும் உள்ளே இருக்கிற சத்தில் ஒரு தடவை துளிர்த்துவிட்டுத்தான் போகும். வெயில் ஏறியும் வாடாமல் நிற்க வேண்டும். ஜூன் முழுவதும் தினமும் மரத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

ஜூலைக் கடைசியில் ஒருநாள் வீரபாண்டியன் மரத்தை அடியிலிருந்து நுனி வரை காட்டினான். ஒரு இலைகூடச் சுருளவில்லை. ஐந்து குச்சிகள் பருத்துப் பட்டையோடு பட்டையாகச் சேர்ந்திருந்தன.

"முதலாளி இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றான். "ஓம் மாமரத்த உரிச்ச கதயச் சொன்னேன். அப்படியே உக்காந்துட்டாரு."

அவள் இதற்காகத்தான் மூன்று மாதம் தூங்காமல் கிடந்தாள். ஜெயித்தும்விட்டாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே, இன்னும் ரெண்டு வருசம் என்ற சொல் நெஞ்சில் கனமாக உட்கார்ந்தது.

"என்ன புள்ள, மரம் சரியாத் தெரியலயா? அங்குட்டுப் போயிக் காட்டவா?"

"மரத்தப் பாத்தது போதும்" என்றாள் ஈஸ்வரி. "போனத் திருப்பி ஒங்க மொகத்தக் காட்டுங்க."